இருபத்துமூன்றாவது ஃபோல்டர்

வெள்ளைக்கரடு என்ற ஊரில் செத்தவர்கள் வீட்டைவிட்டுப் போகாமல் இருந்த ஒரு காலம் உண்டு. அது ஒன்றும் ராஜாக்கள் காலமில்லை, செல்போன் டவர் வந்து நெடுநாள் ஆன பிறகுதான். அப்போது அந்த ஊர்க்காரர்கள் ஒருவரைச் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய், கொள்ளி வைத்து, பம்புசெட்டில் குளித்து, ஈரத்தலையோடு வீடு திரும்பினால், எரித்துவிட்டு வந்த ஆள் முன்னறையில் ஃபேனுக்கு நேராக உட்கார்ந்திருப்பார். வந்தவர்களை நிமிர்ந்து பார்ப்பார். பேச மாட்டார், சாப்பிட மாட்டார், காற்று மட்டும் அவருக்கு வேண்டும். முதலில் அப்படி உட்கார்ந்தவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர். வீட்டுப் பெண்கள் அலறியிருப்பார்கள் என்று நினைத்தால் அந்த ஊர்ப் பெண்களை உங்களுக்குத் தெரியாது. மூத்த மருமகள் அவரை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "துட்டிக்கு எடுத்த வாடகை நாற்காலில ஒண்ண மட்டும் நிறுத்தி வைங்க, மாமா உக்காந்திருக்காக" என்று பந்தல்காரரிடம் சொல்லிவிட்டு அடுப்பைப் பற்ற வைக்கப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு செத்தவர்கள் ஒவ்வொருவராக உட்கார உட்கார, ஊர் அதற்குத் தோதாகத் தன்னை மாற்றிக்கொண்டது. பதினாறாம் நாள் காரியத்தைச் சம்பந்தப்பட்டவர் கண்ணெதிரிலேயே செய்தார்கள், அவரும் பார்த்துக்கொண்டிருந்தார். மாலை போட்ட போட்டோவை அவர் தலைக்கு மேலே மாட்டுவதா எதிர்ச்சுவரில் மாட்டுவதா என்று வீட்டுக்கு வீடு ஒரு வழக்கம் உண்டாயிற்று. கல்யாணப் பத்திரிகை கொடுக்க வருகிறவர்கள் அவருக்கும் ஒன்று வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அப்பன் செத்ததும் நிலத்தைப் பிரித்துக்கொள்ளலாம் என்று காத்திருந்த அண்ணன் தம்பிகள், அப்பன் பார்த்துக்கொண்டே இருக்கிறபோது எப்படிப் பிரிப்பது என்று வாயை மூடிக்கொண்டு இருந்தார்கள். பெரிய சர்ச்சை பொட்டைப் பற்றித்தான் வந்தது. புருஷன் முன்னறையில் உட்கார்ந்திருக்கும்போது எந்தப் பெண் பொட்டை அழிப்பாள்? தெருத் தெருவாகக் கூடிப் பேசினார்கள், சண்டை போட்டார்கள், கடைசியில் ஆள் இருக்கிற வரைக்கும் பொட்டும் இருக்கட்டும் என்று பெண்களே முடிவு செய்துகொண்டார்கள். ஆண்களிடம் கேட்கவில்லை.

இதற்கெல்லாம் காரணம் பேரூராட்சி அலுவலகத்துக்கு வந்த கம்ப்யூட்டர்தான் என்று ஒரு மின்வெட்டு நாளில் தெரிந்தது. அன்று மெஷின் படக்கென்று நின்று டிஸ்க்கில் ஒரு மூலை கெட்டுப் போனதில் கண்டக்டரைப் பற்றி எழுதியிருந்த ஃபைல் மட்டும் அழிந்தது. அதே நேரத்தில் அவர் வீட்டில் நாற்காலி காலியாயிற்று. மெஷினுக்குள் எழுதப்பட்டவர் எழுத்து இருக்கும்வரை இருப்பார் என்று ஊருக்குப் புரிந்தது. அது எப்படி என்று யாரும் கேட்கவில்லை. ரேஷன் கார்டில் பெயர் இருந்தால்தான் ஒருவர் இருக்கிறார் என்று ஆகிப் பல வருடம் கழிந்த ஊருக்கு இதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது.

அந்த மெஷினில் ஊரையே எழுதியவள் மாரிக்கனி. முப்பத்தெட்டு வயது, பாலிடெக்னிக்கில் மூன்று பேருக்கு ஒரு கம்ப்யூட்டர் என்று உட்கார்ந்து சி மொழி படித்தவள், பேரூராட்சியில் ஒப்பந்தத்துக்கு கம்ப்யூட்டர் ஆபரேட்டர். அவள் புருஷன் எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டுகிறவன். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம், பிள்ளை இல்லை, அதைப் பற்றி ஊர் பேச வேண்டியதையெல்லாம் பேசி ஓய்ந்திருந்தது. எல்லோரையும் எழுதிய அந்த இரண்டு மாதமும் அவன் கடையைப் பாதியில் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து ரேஷன் கார்டுகளை வாசித்துக் கொடுத்தான். மேலிருந்து வந்த குறிப்பில் ஆளுக்கு ஒரு ஃபோல்டர், தனித்தனியாக, என்றுதான் இருந்தது. மாரிக்கனி கார்டில் இருந்தபடியே போட்டாள். குடும்பத் தலைவருக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் அவர் பெண்டாட்டிக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒவ்வொன்று. அவர்கள் வீட்டுக் கார்டு வந்தபோது அவன், "ஒன்னத் தனியாப் போட வேண்டாமா?" என்று கேட்டான். "கார்டுல எப்படி இருக்கோ அப்படித்தான்" என்று சொல்லி அவள் தன்னைத் தன் கையாலேயே அவனுக்குள் போட்டாள். அது தப்பென்று அவளுக்கும் தோன்றவில்லை, ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அடுத்த ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அவன் கடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், பத்தரைக்கு இல்லை. சுடுகாட்டிலிருந்து ஆண்கள் திரும்பி வருவதற்கு முன்பே மாரிக்கனி ஃபேனுக்கு நேராக நீலப் பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப் போட்டு வைத்தாள். அவன் வந்து உட்கார்ந்தான். அவள் அழுதாள், ஆனால் புருஷனை எதிரில் வைத்துக்கொண்டு அழுத அழுகை அது. மறுநாளிலிருந்து வேலைக்குப் போய் வந்தாள், மெஷினில் நடந்ததையெல்லாம் அவனிடம் சொன்னாள். அவன் கேட்டான் என்றோ கேட்கவில்லை என்றோ சொல்வதற்கில்லை. உயிரோடு இருந்தபோதும் அவன் பேச்சைப் பாதிதான் கேட்பான் என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

எல்லாம் இப்படியே போயிருக்கும். டிஸ்க் பெரியது, முக்கால்வாசி காலியாகத்தான் கிடந்தது. ஆனால் அதைச் செய்து கொடுத்தவர்கள் ஆளுக்கு ஓர் எண் என்று நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு எண்களைத்தான் வைத்திருந்தார்கள், சித்திரையில் அது தீர்ந்தது. அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகளை எழுத எண் இல்லை. எழுதப்படாத பிள்ளைகள் கண் திறக்கவில்லை. பிறந்தன, மூச்சு விட்டன, தூக்கத்திலேயே பால் குடித்தன, அழவில்லை. ஆரம்பத்தில், அழாத பிள்ளை, பாக்கியம் என்று தாய்மார்கள் சொல்லிக்கொண்டார்கள். பிறகு கன்னத்தைக் கிள்ளினார்கள், காதருகே தட்டைத் தட்டினார்கள், பிறகு தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் அழுதார்கள். ஆனி முடியும்போது இருபத்திரண்டு பிள்ளைகள் தூங்கின. வேறு மெஷின் கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது.

செயல் அலுவலர் அந்தோணிச்சாமி நல்ல மனிதர், ஆனால் எதிலும் தன் கை படாமல் பார்த்துக்கொள்கிறவர். அவர் மாரிக்கனியைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"செத்தவங்க எத்தன பேரும்மா இருக்காங்க?"

"இருபத்துமூணு, சார்."

"எடுத்துரணும். வேற வழி இல்ல. ஆனா நீங்க ஒவ்வொருத்தராக் கையால அழிச்சா, எங்கப்பாவ அந்தம்மாதான் அழிச்சான்னு நாளைக்கு ஒங்க வீட்டு வாசல்ல வந்து நிப்பாங்க. ஒரு புரோகிராமா எழுதிருங்க. அது பாட்டுக்கு ஓடி அது பாட்டுக்கு அழிக்கட்டும். யாரும் யாரையும் சொல்ல முடியாது."

"என் வீட்டுக்காரரும் அதுல இருக்காக, சார்."

அவர் மேசைமேல் இருந்த பேப்பர் வெயிட்டைச் சுற்றினார். "தெரியும்மா" என்றார்.

அவள் எழுதினாள். ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் அந்த ஆளின் விவரம் எழுதிய ஃபைல் ஒன்று உண்டு. சி மொழியில் ஃபைலை அழிக்க ஒரு கட்டளை, ஃபோல்டரை அழிக்க வேறொரு கட்டளை. ஃபோல்டரை அழிக்கும் கட்டளை, உள்ளே ஏதாவது இருந்தால் தொடாது, காலியாக இல்லை என்று திரும்பி வந்துவிடும். அதனால் புரோகிராம் உள்ளே போய், அதற்கும் உள்ளே போய், கடைசி அடியில் கிடப்பதை முதலில் அழித்து, மேலே மேலே வர வேண்டும், ஆள் கடைசியில்தான் போவார். அவளிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. எதையும் அழிப்பதற்கு முன், அழிக்காமல் பெயர்களை மட்டும் வரிசையாகக் காட்டும்படி ஒருமுறை ஓட்டிப் பார்ப்பாள். திரையில் வரிசை ஓடியது. இருபத்துமூன்று பெயர் வர வேண்டிய இடத்தில் ஐம்பத்தெட்டுப் பெயர் வந்தது. செத்தவர் ஒவ்வொருவருக்கும் முன்னால் அவருடைய உயிரோடிருக்கும் பெண்டாட்டி பெயர், கட்டிக்கொடுக்காத மகள் பெயர், பள்ளிக்கூடம் போகும் பேத்தி பெயர். கடைசி வரியில் அவன். அதற்கு மேல் வரியில் மாரிக்கனி. உண்மையாகவே ஓட்டியிருந்தால் இத்தனை பேரும் போயிருப்பார்கள். பாத்ரூமுக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, மறுபடியும் உட்கார்ந்து, அந்த வரிசையைத் திரும்பத் திரும்பப் படித்தாள்.

ஆகவே ஆட்டோவில் மைக் கட்டி ஊரெல்லாம் அறிவிக்கப்பட்டது. செத்தவர் வீட்டுப் பெண்கள் அலுவலகத்துக்கு வந்து கையெழுத்துப் போட்டு, புருஷன் ஃபோல்டரிலிருந்து பிள்ளைகளோடு வெளியே வந்து, தங்களுக்கென்று தனி ஃபோல்டரில் குடும்பத் தலைவராக ஆகிக்கொள்ள வேண்டும். ஒரு வாரம் வரிசை நின்றது. சிலர் அழுதார்கள், சிலர் நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தார்கள். தீப்பெட்டி ஆபீஸுக்குக் குச்சி அடுக்கப் போகும் ராமுத்தாய் மட்டும் மூன்று நாள் வந்து வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் திரும்பிப் போனாள். நாலாம் நாள் மாரிக்கனியின் மேசையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"நாப்பது வருசம் உள்ளயே இருந்துட்டேன் தாயி. வெளிய வந்தா எப்படி இருக்கும்?"

"தெரியலக்கா" என்றாள் மாரிக்கனி. "நானும் இன்னும் வரல."

"அப்ப நீயும் வா. ரெண்டு பேரும் சேந்து வருவோம்." அப்படித்தான் அவர்கள் இருவரும் ஒரே நாளில், ஒருவர் பின் ஒருவராக வெளியே வந்தார்கள்.

இனி மாரிக்கனி செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். அவளை யாரும் திட்டுவதற்கு முன், அவள் போட்ட கணக்கையும் கேட்டுவிடுங்கள். தூங்கும் பிள்ளைகள் இருபத்திரண்டு. செத்தவர்கள் இருபத்துமூன்று. இருபத்திரண்டு பேர் போனால் இருபத்திரண்டு பிள்ளைகளும் எழுந்துவிடும். ஒருவர் மிச்சம். அந்த ஒருவர் யாராக இருந்தால் யாருக்கு நஷ்டம்? புருஷனின் தங்கை தங்கபுஷ்பம் மாசமாக இருந்தாள், உண்மைதான், ஆனால் அவளுக்கு நாள் ஆவணிக் கடைசியில்தான். அதற்குள் ஊரில் ஒரு சாவு விழாமலா போகும், அந்த எண்ணைக் கொடுத்துவிடலாம் என்று மாரிக்கனி நினைத்தாள், நினைத்ததற்குத் தன் வாயிலேயே தான் அடித்துக்கொண்டாள், ஆனாலும் நினைப்பு போகவில்லை.

ஃபைலை அழிக்கும் அந்தக் கட்டளை உண்மையில் எதையும் அழிப்பதில்லை என்று அவளுக்குத் தெரியும். அது ஃபைலிலிருந்து பெயரைக் கழற்றுகிறது, அவ்வளவுதான். பெயர் கழன்ற ஃபைலை யாரும் பிடித்துக்கொண்டிருக்காவிட்டால் மெஷின் அதன் எண்ணை எடுத்து அடுத்தவருக்குக் கொடுத்துவிடும். ஓடிக்கொண்டிருக்கும் ஏதாவது ஒரு புரோகிராம் அதைத் திறந்து பிடித்திருந்தால், பிடி விடும்வரை அது இருக்கும், எந்தப் பட்டியலிலும் வராமல், எந்த ஃபோல்டரிலும் இல்லாமல், இருக்கும். அவள் நான்கே வரிகளைச் சேர்த்தாள். இருபத்துமூன்றாவது ஆளுடைய ஃபைலை முதலில் திற, பிறகு பெயரைக் கழற்று, ஃபோல்டரை எடு, பிடியை விடாமல் அப்படியே சும்மா இரு. கம்பைல் செய்தாள். கம்பைல் ஆகிவிட்டால் அதற்குள் என்ன எழுதியிருக்கிறது என்று மனிதர் யாரும் படிக்க முடியாது, மெஷினுக்கு மட்டுமே புரியும். அதன் பிறகு தான் எழுதிய மூலத்திலிருந்து அந்த நான்கு வரிகளையும் நீக்கிவிட்டு, அந்தோணிச்சாமியிடம் காட்டிக் கையெழுத்து வாங்கினாள்.

ஆடி இரண்டாம் வெள்ளி, பகல் பதினொரு மணி என்று நாள் குறித்தார்கள். அதற்கு முந்தைய நாள், யார் சொல்லிக் கொடுத்தது என்று தெரியாது, ஊரில் புதிதாக ஒரு சடங்கு உண்டாகியிருந்தது. செத்தவரைக் குளிப்பாட்டி, புது வேட்டி கட்டி, அவருக்குப் பிடித்ததைச் சமைத்து முன்னால் வைத்து, அவர் சாப்பிட மாட்டார் என்று தெரிந்தும் ஒரு நேரம் காத்திருந்து, பிறகு வீட்டார் சாப்பிட்டார்கள். மறுநாள் பத்தரைக்கே எல்லோரும் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். மாசமாக இருப்பவள் பார்க்கக் கூடாதென்று தங்கபுஷ்பத்தையும் வரவிடாமல், வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்திருந்த மாரிக்கனி, அலுவலகத்தில் ஒரு விசையைத் தட்டினாள். நெடுநேரம் ஆகும், ஒவ்வொருவராகப் போவார்கள், கையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று ஊர் நினைத்திருந்தது. ஒரு விநாடிகூட ஆகவில்லை. தண்ணீர் குடிக்கத் திரும்பியவர்கள் திரும்பியபோது நாற்காலி காலியாக இருந்தது. இவ்வளவுதானா என்று ஒரு கிழவர் கேட்டதாகச் சொல்வார்கள். அதன் பிறகு தாய்மார்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடி வந்தார்கள். மாரிக்கனி இருபத்திரண்டு பெயர்களை எழுதினாள், எழுத எழுத ஒவ்வொரு பிள்ளையாகக் கண்ணைத் திறந்து வீறிட்டது. அன்று வெள்ளைக்கரடில் பாதி வீடு ஒப்பாரி வைத்தது, பாதி வீடு சர்க்கரை வழங்கியது. சர்க்கரை வாங்கிய கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

மாரிக்கனி பொட்டில்லாமல் வீட்டுக்குப் போனாள். அவன் இருந்தான்.

அவள் நாற்காலியைப் பின்னறைக்கு மாற்றினாள், ஜன்னலைச் சாத்தினாள், டேபிள் ஃபேன் ஒன்றை வாங்கி வைத்தாள். காலையில் வெளியே இறங்குமுன் பொட்டை அழித்துக்கொள்வாள், சாயங்காலம் வந்து கதவைத் தாழிட்டதும் திரும்ப வைத்துக்கொள்வாள். அலுவலகத்தில் கடைசி மேசைக்குக் கீழே அந்தப் புரோகிராம் ஓசையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஆடிக் காற்றில் மின்சாரம் போய்ப் போய் வந்தது. மின்சாரம் நின்று மெஷின் அணைந்தால் பிடி விட்டுவிடும் என்று அவள் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு வாரத்துக்கு இரண்டு முறை டிஸ்டில்டு வாட்டர் ஊற்றினாள். பொறுப்பான பெண் என்று அந்தோணிச்சாமி எல்லோரிடமும் சொன்னார். அந்த நாட்களில் அவள் சந்தோஷமாக இருந்தாள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. திருட்டுச் சந்தோஷம், ஆனாலும் சந்தோஷம். கூடவே, தெருவில் யாருக்காவது இருமல் என்றால் எப்படி இருக்கிறார் என்று போய் விசாரித்தாள். ஆஸ்பத்திரிக்குப் போனவர் நல்லபடியாகத் திரும்பி வந்தால் அவள் நெஞ்சில் ஏதோ ஒன்று சுருங்கியது. தன்னைப் பார்க்க அவளுக்கே பயமாக இருந்தது. அந்த மாதம் வெள்ளைக்கரடில் ஒருவரும் சாகவில்லை.

தங்கபுஷ்பத்துக்கு எட்டாம் மாதத்திலேயே வலி வந்தது. ஆடி முப்பதாம் தேதி ஆண் பிள்ளை, ஒன்றே முக்கால் கிலோ. கண் திறக்கவில்லை. எழுத வந்த அவள் புருஷனிடம் மாரிக்கனி, எண் இல்லை என்று மெஷின் சொல்கிறது, கோளாறு என்னவென்று பார்க்கிறேன் என்று சொன்னாள். மறுநாளும் அதையே சொன்னாள். இருபத்துமூன்று பேரை எடுத்தோம், இருபத்திரண்டு பேரைப் போட்டோம், அப்புறம் எப்படியம்மா எண் இல்லாமல் போகும் என்று அந்தோணிச்சாமி விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். பத்தாம் நாள் ஆஸ்பத்திரி நர்ஸ் பிள்ளையை நிறுத்துப் பார்த்துவிட்டு, தூங்குகிற பிள்ளை எவ்வளவு குடிக்கும், ஒன்றரைக்கு வந்துவிட்டது, இப்படியே போனால் இந்த வாரம் தாங்காது என்று சொன்னாள்.

அன்று மத்தியானம் தங்கபுஷ்பம் பச்சை உடம்போடு, பிள்ளையைத் துணியில் பொதிந்துகொண்டு, அண்ணன் வீட்டுக்கு நடந்து வந்தாள். மாரிக்கனி சாப்பிட வந்தவள் கதவைத் திறந்தாள். நெற்றியில் பொட்டு இருந்தது, மறந்துவிட்டாள். தங்கபுஷ்பம் அதைப் பார்த்தாள். பின்னறையில் ஃபேன் ஓடும் சத்தத்தைக் கேட்டாள். உள்ளே போனாள்.

"அண்ணே" என்றாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் அவன் காலடியில் தரையில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள். மாரிக்கனி நிலைப்படியில் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னாள், நான்கு வரிகளைச் சொன்னாள், பிடியைச் சொன்னாள், எண்ணைச் சொன்னாள். சொல்லி முடித்ததும் தங்கபுஷ்பம் தன்னை அடிப்பாள் என்று எதிர்பார்த்தாள், அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தாள்.

தங்கபுஷ்பம் எழுந்து, பிள்ளையை அவன் மடியில் கிடத்தினாள். அவன் கை தானாக வந்து பிள்ளை நழுவாமல் அணைத்துக்கொண்டது.

"காது குத்துறதுக்குத் தாய்மாமன் மடி இல்லியேன்னு மாசம் பூராவும் அழுதேன் மதினி" என்றாள். "ஒரு தடவ உக்காந்துட்டான். போதும்."

"புஷ்பம்."

"நான் எதுவும் கேக்க மாட்டேன். இவன எழுதுங்கன்னு சொன்னா அவுகள அழிங்கன்னு சொன்ன மாதிரி ஆயிரும். என் வாயால அதச் சொல்ல வராது. அவுக இருக்கட்டும்னு சொன்னா இவன்..." அவள் பிள்ளையின் துணியை இழுத்துவிட்டு, "நாளைக்குக் காலையில பத்து மணிக்கு ஆபீசுக்கு வாரேன். எண் இருந்தா எழுதுங்க. இல்லேன்னா திரும்பிப் போயிருதேன்" என்றாள்.

மறுநாள் காலை மாரிக்கனி அவனைக் குளிப்பாட்டினாள். வேட்டி கட்டிவிட்டு, தலை சீவி, நாற்காலியை முன்னறையில் பழைய இடத்தில் கொண்டுபோய்ப் போட்டு, ஜன்னலைத் திறந்து, பெரிய ஃபேனை மூன்றில் வைத்தாள். மெஷின் அலுவலகத்தில் இருந்தது, அவன் வீட்டில் இருந்தான். போகிற நேரத்தில் பக்கத்தில் இருக்க முடியாது. மற்றவர்களுக்கெல்லாம் சுற்றி வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள், இவன் தனியாகத்தான் போக வேண்டும், தன்னுடைய நான்கு வரிகள் இவனுக்குச் செய்த நல்லது இதுதான் என்று நினைத்தாள். அவன் உள்ளங்கையைப் பிரித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். காயில் சுற்றிக் காய்த்துப் போன விரல்கள். "போயிட்டு வாரேங்க" என்றாள். அவன் அவளைப் பார்த்தான், தினமும் பார்ப்பது போலத்தான் பார்த்தான். அவள் பொட்டை அழிக்காமலேயே தெருவில் இறங்கி நடந்தாள். பார்த்தவர்கள் பார்த்தார்கள்.

தங்கபுஷ்பம் முன்னாலேயே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மாரிக்கனி கடைசி மேசைக்குப் போய், ஓடிக்கொண்டிருந்த அந்தப் புரோகிராமின் திரையைத் திறந்தாள். கறுப்புத் திரையில் ஒன்றுமில்லை, மூலையில் ஒரு சின்னக் கட்டம் மின்னிக்கொண்டிருந்தது. இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினால் நின்றுவிடும். அவள் விரல்களை வைத்தாள், எடுத்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், பத்து ஐந்து. பிள்ளையின் மூச்சு பெஞ்சிலிருந்து கேட்டது, விட்டு விட்டு வந்தது. அவள் அழுத்தினாள். மெஷின் அடுத்த கட்டளைக்குக் காத்து நின்றது. எண்கள் மிச்சம் ஒன்று என்று காட்டியது. அவள் தலையை மேசைமேல் வைத்துக்கொண்டாள். யாரும் அவளை எழுப்பவில்லை. அவளே நிமிர்ந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, "வா" என்றாள்.

தங்கபுஷ்பம் பிள்ளையோடு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"பேரு சொல்லு."

"அண்ணன் பேருதான் மதினி. அது இவன் உண்டான அன்னைக்கே முடிவு பண்ணியாச்சு" என்று சொல்லிவிட்டுத் தங்கபுஷ்பம் வாயைத் திறந்தாள். வாய் திறந்தபடியே நின்றது. "அண்ணன் பேரு" என்று மறுபடியும் தொடங்கினாள். நாக்கில் ஒன்றும் வரவில்லை. அவள் மாரிக்கனியைப் பார்த்தாள். "மதினி, அவுக பேரு என்ன?"

மாரிக்கனி தேடினாள். அண்ணன் என்று தங்கை கூப்பிட்டாள். மெக்கானிக் என்று ஊர் கூப்பிட்டது. அவள் ஏங்க என்றும் இங்க பாருங்க என்றும் கூப்பிட்டாள், வீட்டுக்காரர் என்றும் அவுக என்றும் சொன்னாள். புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது என்று வளர்ந்தவள், பன்னிரண்டு வருடத்தில் ஒருமுறைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. பெயரைக் கழற்றும் கட்டளை அவனிடமிருந்து மட்டுமல்ல, எல்லோர் நாக்கிலிருந்தும், எழுதி வைத்த இடங்களிலிருந்தும் அதைக் கழற்றியிருந்தது. ஒரு மாதமாக அந்த இருபத்துமூன்று பேர் பெயரும் ஊரில் யாருக்கும் இல்லை. அப்பா, மாமா, தாத்தா என்றே சொல்லிப் பழகிய ஊர் அதைக் கவனிக்கவே இல்லை. அவள் சுவரைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள், அவன் கடை போர்டை நினைத்துப் பார்த்தாள். போர்டில் மோட்டார் ரீவைண்டிங் என்பது நினைவு வந்தது, அதற்கு மேலே எழுதியிருந்தது வரவில்லை. ஒருநாள், ஒரே ஒருநாள் கூப்பிட்டிருந்தால் ஒருவேளை எங்காவது ஒட்டிக்கொண்டிருந்திருக்கும் என்று நினைத்தாள். அந்த நினைப்பு அவளைச் சாகும்வரை விடவில்லை.

"தெரியல, புஷ்பம்" என்றாள்.

பிள்ளையின் மூச்சு ஒருமுறை நின்று வந்தது. பெயர் இல்லாமல் ஃபோல்டர் போட மெஷின் விடாது.

"நீங்களே ஒண்ணு போடுங்க மதினி" என்றாள் தங்கபுஷ்பம். "ஒங்க கைக்கு என்ன வருதோ அதப் போடுங்க. சீக்கிரம்."

மாரிக்கனி கண்ணை மூடிக்கொண்டு விசைப்பலகையில் விரல்களை வைத்தாள். விரல்கள் போன போக்கில் விட்டாள். கண்ணைத் திறந்தபோது செந்தட்டி என்று இருந்தது. அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. தங்கபுஷ்பத்தைப் பார்த்தாள், அவளுக்கும் தெரியவில்லை. அது அவன் பெயராக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், அதைச் சொல்ல உலகத்தில் ஒருவரும் இல்லை. அவள் எழுதினாள்.

பிள்ளை கண்ணைத் திறந்தது. முதலில் சத்தமில்லாமல் முகத்தைச் சுருக்கியது, பிறகு அழுதது. தங்கபுஷ்பம் அதை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு தானும் அழுதாள். மாரிக்கனி குனிந்து, பிள்ளையின் காதருகே வாயை வைத்து, "செந்தட்டி" என்று கூப்பிட்டாள். பிறகு நிமிர்ந்து, அலுவலகத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி, இன்னொரு முறை கூப்பிட்டாள்.